கேஷ் என்றால் ரொக்கம் அல்ல

நம் வயதுக்காரர்கள் காதில் 'கேஷ்' என்று விழுந்தால் ரொக்கம்தான் நினைவுக்கு வரும். கேஷ் புக், கேஷ் கவுண்ட்டர், கேஷ் பேலன்ஸ் என்று பணிக்காலம் முழுக்கக் கேட்ட காது. இப்போது வீட்டுப் பிள்ளைகள் 'கேஷ் கிளியர் பண்ணு' என்கிறார்கள். செல்பேசி மெதுவாக ஓடினால் அதுதான் முதல் வைத்தியம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், வங்கிச் செயலியில் கேஷ் கிளியர் செய்தால் கணக்கிலிருக்கும் பணம் போய்விடுமோ என்று பயந்து ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. சிரிக்க வேண்டாம். அழிப்பதற்கு முன்னால் பயப்படுவது நல்ல பழக்கம்.

இரண்டும் வேறு வேறு சொற்கள். கணினிக் கேஷ் பிரெஞ்சிலிருந்து வந்தது. நான் புதுச்சேரியில் பிரெவே வரைக்கும் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் 'கஷே' என்றால் ஒளித்து வைப்பது, 'கஷ்' என்றால் ஒளித்து வைக்கும் இடம். கண்ணாமூச்சிக்கு அங்கே 'கஷ்-கஷ்' என்றே பெயர். கனடாக் காடுகளுக்குத் தோலுக்காக விலங்கு பிடிக்கப் போன பிரெஞ்சு வேட்டைக்காரர்கள், திரும்பும் வழிக்கு வேண்டும் என்று உணவையும் தோலையும் குழி தோண்டி மறைத்து வைப்பார்கள். அந்தக் குழிக்கும் இதே பெயர். 1960-களின் இறுதியில் ஐ.பி.எம். தன் பெரிய கணினி ஒன்றில் வேகமான சிறு நினைவகம் ஒன்றைச் சேர்த்தது. அதைப் பற்றிய கட்டுரை அந்த நிறுவனத்தின் இதழுக்கு வந்தபோது, இதழாசிரியர் லைல் ஜான்சன், கட்டுரையில் இருந்த நீளமான பெயர் வேண்டாம் என்று இந்தச் சொல்லைக் கொடுத்தார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவி, கடைசியில் கூரம் வரைக்கும் வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது.

என் மகள் வயிற்றுப் பேரன் எங்களோடு இருந்து பொறியியல் படிக்கிறான். இது கடைசி வருடம். கல்லூரியில் ஒரு செயலி செய்து காட்ட வேண்டும். மற்ற பிள்ளைகள் எதையோ செய்ய, இவன் எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு வரவு செலவு எழுதும் செயலி செய்தான். 14 பெண்கள் உள்ள குழு. வாரச் சேமிப்பு, உள்கடன், அதற்கு வட்டி, யார் எத்தனை தவணை பாக்கி என்பதெல்லாம் அதில் வரும். ஊக்குநர் கையில் ஒன்று, பிரதிநிதி கையில் ஒன்று என்று இரண்டு செல்பேசிகளில் போட்டுக் கொடுத்தான். பிளே ஸ்டோரில் ஏற்றவில்லை. கோப்பாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பதிந்ததுதான். கணக்கெல்லாம் அந்தந்தச் செல்பேசிக்குள்ளேயே இருக்கும். அந்தப் பெண்களுக்கு இது பிடித்துப்போய், இரண்டு மாதமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, சொன்னேன். யார் கேட்கிறார்கள்?

சென்ற மாசி மாதம் ஒரு நாள், வட்டிக் கணக்கில் ஒரு திருத்தம் செய்து புதிய பதிப்பு தயாரிக்க உட்கார்ந்தான். மடிக்கணினி மறுத்துவிட்டது. இடம் இல்லையாம். காஞ்சிபுரத்தில் பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரைக் கேட்டால், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். பேரன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"தாத்தா, உங்க பழைய பேப்பர் ஸ்கேன் எல்லாம் இதுலதான் இருக்கு. அதைக் கொஞ்சம் எடுத்துடலாமா? நிறைய இடம் பிடிக்குதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்காதே. எது எவ்வளவுன்னு பார்த்துட்டுச் சொல்லு" என்றேன்.

அந்த ஸ்கேன்கள் என் அப்பா காலத்துப் பிரெஞ்சு ஆவணங்கள். எத்தா சிவில் எனப்படும் பிறப்புப் பதிவுகள், நோத்தேர் முன் எழுதிய சாசனங்கள், என் தாத்தாவின் சம்பளச் சீட்டுகள். எட்டு வருடம் முன்பு வருடி வைத்தேன். வருடும்போது அவை வெறும் நகல்கள்தான், மூலம் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் பெட்டிக்குள் கரையான் ஏறி முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. அன்று முதல் அந்த நகல்தான் மூலம். இது பேரனுக்குத் தெரியாது. பழைய பேப்பரின் படம் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

கணக்குப் பார்த்தான். என் ஸ்கேன்கள் 3 ஜி.பி. அவனுடைய பில்ட் கோப்புறை 9 ஜி.பி., கிராடில் கேஷ் 21, பப் கேஷ் 4, பழைய செய்முறைப் பயிற்சிகளில் கிடந்த நோட் மாட்யூல்ஸ் எல்லாம் சேர்த்து 11, செல்பேசி போல நடிக்கும் எமுலேட்டர் 16. ஆக 61 ஜி.பி. இதில் அவன் தன் கையால் எழுதியது எவ்வளவு என்று கேட்டேன். 2 எம்.பி. கூட வரவில்லை. வீடு கட்ட வாங்கிய செங்கல்லைவிடச் சாரமும் பலகையும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்பது போல.

இந்த இடத்தில் என் பழைய உத்தியோகம் எட்டிப் பார்த்தது. வருவாய்த் துறையில் பல இருக்கைகள் மாறி உட்கார்ந்திருந்தாலும் பதிவறையில் இருந்த ஆறு வருடம்தான் எனக்கு மனத்துக்குப் பிடித்தது. பதிவறைக்கு அனுப்புவது தண்டனை என்று பலர் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. சென்னை ராஜதானிக் காலத்திலிருந்தே ஒரு கோப்பை முடிக்கும்போது அதன் தலையில் ஓர் எழுத்துப் போடுவார்கள். எல்.டிஸ். என்றால் ஓராண்டு. கே.டிஸ். மூன்றாண்டு. டி.டிஸ். பத்தாண்டு. ஆர்.டிஸ். நிரந்தரம். காலம் கடந்த கட்டுகளுக்கு ஆண்டுதோறும் அழிப்புப் பட்டியல் தயாரித்து, அலுவலர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் கழிவுக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் நான் மெச்சும் விஷயம் ஒன்று உண்டு. அந்த எழுத்தை யார், எப்போது போடுகிறார்கள்? கோப்பைக் கையாண்ட எழுத்தரே, கோப்பை முடிக்கும் அன்றே. அறை நிரம்பி வழிந்த பிறகு வேறு யாரோ தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு தரம் பிரிக்க உட்கார்ந்தால், அவர் கண்ணுக்கு எல்லாமே குப்பையாகத்தான் தெரியும்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடி தேடிப் போன உ.வே. சாமிநாதையருக்கு நேர்ந்ததை நம்மில் பலர் 'என் சரித்திர'த்தில் படித்திருப்போம். பாண்டிய மன்னன் ஒருவன் சேர்த்து வைத்த ஏடுகள். பழைய ஏடு என்று அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டார்கள். செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, சாஸ்திரப்படி மரியாதையாகச் செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். பேரன் பொறுமையாக விளக்கினான், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அவன் எழுதுவது மூல நிரல். அதைக் கணினி அரைத்துச் செல்பேசிக்கு ஏற்ற வடிவில் தருகிறது. அப்படி அரைக்கும்போது வருவதெல்லாம் பில்ட் கோப்புறைக்குள் போய் விழும். மூல நிரல் இருந்தால் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப உண்டாக்கலாம். 'ஃபிளட்டர் கிளீன்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் துடைத்துவிடும். அடுத்த தடவை அரைக்க நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. 30 குடும்பு. தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்ல வேண்டும். யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை என்ன செய்வது, எல்லாம் விவரமாக இருக்கிறது. (35 வயதுக்கு மேல் 70-க்குள் என்று விதி. எனக்கு அங்கே இடமில்லை.) அந்தக் குடத்தில் போட்ட ஓலை ஒன்றாவது இன்று இருக்கிறதா? தேர்வு முடிந்ததும் அதன் வேலை தீர்ந்தது. விதியைக் கல்லில் வெட்டினார்கள். அது இருக்கும் வரை அடுத்த ஆண்டு புது ஓலை நறுக்கிக்கொள்ளலாம். எங்கள் கூரத்துக் கோயிலுக்குப் பல்லவன் பரமேசுவரவர்மன் கொடுத்த கொடையைச் செம்பில் எழுதியதும் அப்படித்தான். ஆர்.டிஸ். போட வேண்டியது எது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

அடுத்து பேக்கேஜ். எல்லாவற்றையும் இவனே எழுதுவதில்லை. தேதியைக் காட்ட ஒன்று, எழுத்துருவுக்கு ஒன்று, பி.டி.எஃப். எடுக்க ஒன்று என்று பிறர் எழுதி இலவசமாகக் கொடுத்தவற்றை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறான். ஒரு முறை இறக்கியதை மறுமுறையும் இறக்க வேண்டாம் என்று கணினி ஓர் ஓரமாகச் சேர்த்து வைக்கிறது. அதுதான் பேக்கேஜ் கேஷ். எதை எதை இறக்க வேண்டும் என்ற பட்டியல் ஒரு கோப்பில் இருக்கும். அதில் எந்தப் பதிப்பு என்பதைத் துல்லியமாகப் பூட்டி வைக்கும் 'லாக்' கோப்பு ஒன்று தனியாக உண்டு. பட்டியலும் பூட்டும் அளவில் சிறியவை, அவற்றை அழிக்கக் கூடாது. இறக்கிய சரக்கை அழிக்கலாம், திரும்ப வரும்.

வரும்தான். ஆனால் எப்போது, என்ன விலைக்கு? நகரத்தில் ஒளியிழை இணைப்பு வைத்திருப்பவன் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு இங்கே ஒருவன் கேஷ் முழுவதையும் துடைத்தால், நாளுக்கு ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் செல்பேசி இணைப்பில் அதைத் திரும்ப நிரப்ப எத்தனை நாள்? மழை வந்தால் கோபுரமும் உறங்கிவிடும். குதிரில் நெல் இருப்பது இடத்தை அடைக்கிறது என்று கொட்டுவோமா? என்.பி.எம். என்ற ஏற்பாட்டைச் செய்தவர்களே, இடம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் தவிர வேறெதற்கும் கேஷைத் துடைக்க வேண்டியதில்லை என்றுதான் தங்கள் கையேட்டில் சொல்கிறார்களாம். அதன் ஒழுங்கை அதுவே சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் கல்லூரியில் எந்தக் கோளாறு வந்தாலும் 'நோட் மாட்யூல்ஸை அழி, கேஷைத் துடை' என்பதுதான் மருந்தாம். எந்தக் காய்ச்சலுக்கும் ஊசி போடச் சொல்லும் நம்மவர்கள் மாதிரி.

கடையில் எப்போதும் சரக்கு இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. 2016 மார்ச்சில் அசெர் கோச்சுலு என்ற நிரலாளர், ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்து, தான் கொடுத்திருந்த 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை என்.பி.எம்.-இலிருந்து ஒரேயடியாக எடுத்துக்கொண்டார். அதில் 'லெஃப்ட்-பேட்' என்று ஒன்று. மொத்தமே 11 வரி. ஒரு சொல்லுக்கு இடது பக்கம் வெற்றிடம் நிரப்பும் வேலை. அதை நம்பி நின்ற பெரிய பெரிய நிறுவனங்களின் நிரல்களெல்லாம் அன்று அரைபடாமல் நின்றன. சில மணி நேரத்தில் திரும்ப வைத்தார்கள், பிறகு விலக்கிக்கொள்ளும் விதியையும் இறுக்கினார்கள். அந்தச் சில மணி நேரத்தில், தன் கணினியில் கேஷ் வைத்திருந்தவன் வேலையைத் தொடர்ந்திருப்பான்.

எங்கள் ஊருக்கு இது புதிய கதை இல்லை. இராமானுசரோடு காஷ்மீரம் போன கூரத்தாழ்வான், கையில் கிடைத்த போதாயன விருத்தியை இரவெல்லாம் படித்து மனத்தில் வைத்துக்கொண்டார். ஏட்டை அங்குள்ளவர்கள் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். மனத்தில் இருந்ததைக் கொண்டு ஸ்ரீபாஷ்யம் எழுந்தது என்கிறது குருபரம்பரை. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கதையைச் சொன்னபோது பேரன், "அப்போ ஆழ்வான்தான் கேஷ்" என்றான். கோபித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இப்படிப் பேசிக்கொண்டே அழிக்க உட்கார்ந்தோம். அவன் தன் நிரலை 'கிட்' என்ற பதிவேட்டு முறையில் வைத்திருக்கிறான். அந்தப் பதிவேட்டில் சேர்க்க வேண்டாத கோப்புகளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. பில்ட் கோப்புறை, நோட் மாட்யூல்ஸ் எல்லாம் அதில் இருக்கும். 'கிட் கிளீன்' என்ற கட்டளையோடு பெரிய எக்ஸ் எழுத்தும் இன்னும் ஓரிரு எழுத்துகளும் சேர்த்துக் கொடுத்தால் விலக்குப் பட்டியலில் உள்ள அத்தனையும் ஒரே நொடியில் போய்விடும். குப்பைக் கூடைக்குக் கூடப் போகாது, ஒரேயடியாகப் போகும். நண்பன் சொன்னான் என்று அதைத் தட்டச்சு செய்யத் தொடங்கினான்.

"அழிப்புப் பட்டியல் போட முடியாதா?" என்று கேட்டேன்.

முடியுமாம். அதே கட்டளையில் சிறிய 'என்' எழுத்தைச் சேர்த்தால் எதையும் தொடாமல், எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று மட்டும் வரிசையாகக் காட்டும். போட்டான். இருபது வரிக்கு மேல் வந்தது. ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். பதிவறையில் கேட்கும் அதே கேள்வியைத்தான் ஒவ்வொன்றுக்கும் கேட்டேன்: இது போனால் எதிலிருந்து திரும்ப வரும்?

"பில்ட் பண்ணா வரும் தாத்தா." "இது டவுன்லோடு பண்ணா வரும்." "இது தானா வரும்." அப்படியே போய்க்கொண்டிருந்தவன் ஓர் இடத்தில் நிறுத்தினான். 'கீ ப்ராப்பர்ட்டீஸ்' என்று ஒரு கோப்பு, அடுத்து ஜே.கே.எஸ். என்று முடியும் ஒன்று. இரண்டும் சேர்ந்து சில கே.பி.தான் இருக்கும்.

"இது எதிலிருந்து வரும்?"

"இது... வராது தாத்தா."

அது அவன் செயலிக்கு இடும் கையொப்பச் சாவி. கருவூலத்தில் மாதிரிக் கையொப்பம் வைத்திருப்பார்களே, அதுபோல. முதல் முறை எந்தச் சாவியால் கையொப்பமிட்ட செயலியைச் செல்பேசியில் பதிந்தோமோ, அதே சாவியால் வந்தால்தான் புதிய பதிப்பை ஆண்ட்ராய்டு ஏற்கும். வேறு கையொப்பம் என்றால் தள்ளிவிடும். அப்போது ஒரே வழி, பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவது. நீக்கினால் அதற்குள் இருக்கும் கணக்கும் சேர்ந்து போகும். 14 பெண்களின் இரண்டு மாதச் சேமிப்பு, யார் யாருக்கு எவ்வளவு உள்கடன், எத்தனை தவணை கட்டியாயிற்று என்ற அத்தனையும். நோட்டில் எழுதுவதைத்தான் விட்டுவிட்டார்களே. பணம் வங்கியில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் யாருடையது எவ்வளவு என்று கேட்டால், தெருவில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வளவு முக்கியமான சாவி குப்பைப் பட்டியலுக்குள் எப்படி வந்தது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. திரும்ப உண்டாக்கக் கூடியது என்பதால் பதிவேட்டில் சேர்க்காத பொருள் ஒரு வகை. பிறர் கண்ணில் படக் கூடாது என்பதால் சேர்க்காத பொருள் இன்னொரு வகை. சாவியைப் பதிவேட்டில் வைத்தால் ஊரே பார்த்துவிடும், அதனால் அதை விலக்கியது சரிதான். இரண்டு வகைக்கும் பட்டியல் ஒன்றே என்பதுதான் ஆபத்து. எல்.டிஸ். கட்டுக்குள் ரகசியக் கோப்பைச் சொருகி வைத்த மாதிரி. என் பழைய பிரெஞ்சு வாத்தியார் இருந்திருந்தால், 'கஷ்' என்ற சொல்லிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது என்று சொல்லியிருப்பார். வேண்டாததை மறைவாகப் போடுவதும் ஒளிப்பதுதான், விலை உயர்ந்ததைப் புதைப்பதும் ஒளிப்பதுதான். வேட்டைக்காரர்களின் குழியில் இருந்தது இரண்டாவது வகை.

பிறகு வேலை சுருக்கமாக முடிந்தது. சாவியையும் அதன் கடவுச்சொல்லையும் இரண்டு பென் டிரைவில் எடுத்தான். ஒன்று அவனிடம், ஒன்று என் பீரோவில், ரேஷன் அட்டைக்கும் ஓய்வூதியப் புத்தகத்துக்கும் நடுவில். என் ஸ்கேன்களுக்கும் அப்படியே இரண்டு நகல் எடுத்தோம். மொத்தமாகத் துடைக்கும் கட்டளையை விட்டுவிட்டு, பில்ட் கோப்புறையை மட்டும் துடைத்தான். முடிந்துபோன பயிற்சிகளின் நோட் மாட்யூல்ஸை எடுத்தான், பட்டியலும் பூட்டுக் கோப்பும் அங்கேயே இருந்தன. கிராடில் கேஷில் பழைய பதிப்புகளுக்கு உரியதை மட்டும் பார்த்து நீக்கினான். பப் கேஷைத் தொடவில்லை, தேர்வு முடியட்டும் என்றான். 32 ஜி.பி. மிச்சமாயிற்று. வட்டித் திருத்தத்தோடு புதிய பதிப்பு அன்று இரவே தயாராகி, இரண்டு செல்பேசிகளிலும் பழைய கணக்கு கலையாமல் மேலேறியது. கணக்கை வாரம் ஒரு முறை வெளியே நகலெடுத்துத் தரும் பொத்தான் ஒன்றையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஊக்குநர் அம்மாவிடம், நோட்டிலும் எழுதி வாருங்கள் என்று இன்னொரு தடவை சொன்னேன். இந்த முறை கேட்டார்.

பேரன் தன் திட்டத்தோடு ஒரு விளக்கக் குறிப்பு வைத்திருக்கிறான். அதில் எந்தக் கோப்புறை எந்த வகை என்று இப்போது எழுதி வைத்துவிட்டான். பில்ட்டுக்கு எதிரே எல்.டிஸ்., பேக்கேஜ் கேஷுக்குக் கே.டிஸ்., மூல நிரல், பூட்டுக் கோப்பு, சாவி மூன்றுக்கும் ஆர்.டிஸ். செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளிக் கல்லூரி ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன எழுத்து என்று கேட்டாராம். இவன் விளக்கியதும், தன் அப்பாவும் தாலுகா ஆபீசில் இருந்தவர்தான் என்றாராம். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சு அந்தப் பக்கமே போய்விட்டது என்று வந்து சொன்னான்.